தட்டுச் சுடும் கிளப்புக்கு ஹேண்டிகப் ஷீட் செய்யப் போகிறீர்களா?

வெளிநாட்டுக் கிளப் ஒன்றின் புள்ளிக் கணக்கை எக்செலில் போட்டுத் தரும் வேலை உங்களிடம் வந்தால், விலை சொல்ல முதல் இதை வாசியுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் வீட்டு மேசையில் இருந்தே இப்படியான வேலை செய்கிறவர்கள் இப்போது கன பேர். எனக்குக் கல்லடியில் இருந்தபடி கிடைத்தது, இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் உள்ள களிமண் புறாச் சுடும் கிளப் ஒன்றின் வேலை. நாற்பது சொச்சம் உறுப்பினர்கள், மாதத்தில் இரண்டு ஞாயிறு போட்டி, வருசக் கடைசியில் வெளியாட்களும் வரும் பெரிய போட்டி. ஹேண்டிகப்பும் வகுப்புப் பிரிப்பும் தானாக விழுகிற ஒரு ஷீட் வேண்டும் என்றார்கள். பேசியது 180 பவுண். முற்பணம் 60 வந்தது. மீதி 120 வரவில்லை. அந்த நேரத்துக் கணக்கில் 50,000 ரூபாய்க்குக் கிட்ட. அதோடு ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் முழுக்கப் போயின. யாரிடமாவது கேட்போம் என்றால் இந்த விளையாட்டைக் கண்ட ஒருவரும் ஊரில் இல்லை.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அது விளங்காமல் கணக்கும் விளங்காது. புறா என்பது பெயரளவில்தான். 110 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சின்னத் தட்டு. சுண்ணாம்புத் தூளையும் தார் போன்ற பிசினையும் கலந்து அச்சில் வார்ப்பது, களிமண் அதில் இல்லை. இயந்திரம் அதை வானத்தில் எறியும், சுடுகிறவர் சன்னத் துவக்கால் உடைக்க வேண்டும். ஒரு சிறு துண்டு கண்ணுக்குத் தெரியும்படி கழன்றாலே உடைந்த கணக்கு. நம் பக்கத்தில் துவக்கு என்றால் பன்றிக் காவலும் பழைய பயமும்தான் ஞாபகம் வரும். நான் ஆட்களின் பெயர்ப் பட்டியலும் வெடிக் கணக்குமாக இருந்ததைக் கண்டு அம்மா, “துவக்குக்காரரோட என்ன கணக்கு மனே உனக்கு?” என்று கேட்டதில் பகிடி கொஞ்சம், பயம் கொஞ்சம்.

ஹேண்டிகப் என்பது, காரம் போர்டில் சின்னவனுக்குப் பத்துப் புள்ளி முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடுகிற அதே ஏற்பாடு. கெட்டிக்காரரும் புதியவரும் ஒரே போட்டியில் நின்றால், புதியவருக்கும் வெல்ல ஒரு வழி வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு, மூன்றும் மூன்று விதமான ஷீட். ஒன்று, உடைத்த தட்டோடு சில தட்டுகளைக் கூட்டிக்கொடுப்பது. இரண்டு, ஆட்களை ஏ, பி, சி என்று வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்குள் மட்டும் போட்டி வைப்பது. மூன்று, கெட்டிக்காரரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவது. மூன்றாவதை அமெரிக்காவின் ட்ராப் சங்கம் பெரிய அளவில் நடத்துகிறது. ட்ராப் என்பது, முன்னால் இருந்து விலகிப் பறக்கும் தட்டைச் சுடும் வகை. சாதாரணப் போட்டி 16 யார் தூரத்தில் இருந்து. ஹேண்டிகப் போட்டியில் திறமைக்கு ஏற்ப 27 யார் வரைக்கும் பின்னால் போக வேண்டும். நல்ல புள்ளி எடுத்தால் அரை யார், ஒரு யார் என்று பின்னேறும். இந்த வழியில் புள்ளியைத் தொடவே தேவையில்லை, ஆளின் தூரத்தை மட்டும் பதிவு செய்தால் போதும். எனக்குக் கேட்டால் மூன்றிலும் சுத்தமானது இதுதான். ஆனால் பல தூரங்களில் நின்று சுட மைதானம் அமைந்திருக்க வேண்டும். சின்னக் கிளப்கள் அதனால் முதல் இரண்டையும் கலந்து பிடித்துக்கொள்கின்றன. கலப்பதில்தான் கரைச்சல்.

எனக்குத் தந்த விதி ஒரு பக்கம் கூட இல்லை. “சராசரியில் இருந்து ஹேண்டிகப், 80 வீதம், புதியவர்களுக்கு மூன்று கார்ட், வெளியாட்கள் வந்தால் லூயிஸ் முறை.” அவ்வளவுதான். (கார்ட் என்றால் ஒருவர் ஒரு போட்டியில் சுட்ட புள்ளித் தாள், இங்கே நூறு தட்டு. லூயிஸ் முறையைப் பின்னால் சொல்கிறேன்.) இதை வாங்கிக்கொண்டு யாரும் வேலை தொடங்கக் கூடாது. அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீங்கள் முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சராசரியை எடுங்கள். எந்த எண்ணோடு ஒப்பிடுவது? 100 தட்டோடா, கிளப்பின் முதல் தர ஆளின் சராசரியோடா? 92 என்று ஒரு மட்டம் வைத்தால், 70 சராசரி உள்ளவருக்கு 22 வித்தியாசம், அதில் 80 வீதம் 17.6. இது 17 ஆ, 18 ஆ? ‘ரவுண்ட்’ போட்டால் 18, ‘இன்ட்’ போட்டால் 17. ஒரு தட்டில் பரிசு மாறும் விளையாட்டில் இது சில்லறை விசயம் இல்லை. எப்போதும் கீழே வெட்டுவது என்று எழுதி வைப்பது நல்லது. அரைத் தட்டு என்று ஒன்று மைதானத்தில் கிடையாது என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அடுத்தது, வராத ஆள். எக்செலின் ‘அவரேஜ்’ வெறும் பெட்டியைக் கணக்கில் எடுக்காது, 0 இருந்தால் எடுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், போட்டி நாள் ஷீட்டில் உள்ள வெறும் பெட்டியை வேறொரு ஷீட்டில் இருந்து சாதாரண ஃபோர்முலாவால் இழுத்தால் அங்கே 0 என்றுதான் விழும். 72, 68, 70, 74 என்று நான்கு கார்ட் சுட்டுவிட்டு இரண்டு ஞாயிறு வராத ஒருவரை நினைத்துப் பாருங்கள். உண்மையான சராசரி 71, ஹேண்டிகப் 16. இரண்டு 0 கலந்தால் சராசரி 47.3 ஆகி, ஹேண்டிகப் 35 ஆகிவிடும். அடுத்த முறை அவர் தன் வழக்கமான 71 ஐச் சுட்டாலே 106. நூறு தட்டில் நூற்றாறு! இழுக்கிற ஃபோர்முலாவிலேயே, மூலப் பெட்டி வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடு என்று ஒரு ‘இஃப்’ வைக்க வேண்டும். காயம், மழை, துவக்கு பழுது என்று பாதியில் விட்டவருக்கு என்ன போடுவது என்பதையும் கேட்டு வையுங்கள். பாதிக் கார்ட்டைச் சராசரியில் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு.

அந்த 106 இன்னொரு கேள்வியைக் கிளப்பும். ஹேண்டிகப் கூட்டிய பின் 100 ஐத் தாண்டலாமா? தாண்டக் கூடாது என்று மூடி போட்டால், நல்ல நாள் கிடைத்த மூன்று பேர் 100 இல் சமமாக வந்து நிற்பார்கள், பிறகு சமன் முறிக்க வேண்டும். மூடி போடாவிட்டால் பரிசுப் பலகையில் 103 என்று எழுத நேரும், பழைய ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டிலும் தப்பில்லை, கிளப் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் போதும். தெரிந்தெடுக்காமல் விட்டால், முடிவெடுத்த பழி உங்கள் மேல் விழும்.

80 வீதம் ஏன் என்று நான் கேட்டதற்கு எவரும் பதில் தரவில்லை. நானே இருந்து கணக்குப் பார்த்தேன். விசயம் ருசியானது. 92 சராசரி உள்ளவர் ஒரு நாள் மிக நன்றாகச் சுட்டாலும் 8 தட்டுத்தான் மேலே போக இடமிருக்கிறது. 70 காரருக்கு 30 தட்டு இடம். தட்டுக்குத் தட்டு வாய்ப்பு ஒன்றே என்று வைத்துக்கொண்டால், 100 தட்டில் 92 காரரின் புள்ளி வழக்கமாக மேலும் கீழும் ஆடுகிற அளவு 2.7, 70 காரருக்கு 4.6. இப்போது இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேரை நிறுத்துங்கள். பலமான பத்துப் பேரில் அன்று முந்துகிறவர் சராசரியை விட ஏறத்தாழ 4 கூடி 96 இல் நிற்பார். மற்றப் பத்துப் பேரில் முந்துகிறவர் 7 கூடி 77. வித்தியாசம் முழுவதையும், அதாவது 22 ஐயும் கூட்டிக்கொடுத்தால் அவர் 99. ஒவ்வொரு ஞாயிறும் பரிசு பின்வரிசைக்கே போகும், கெட்டிக்காரர்கள் வரவை நிறுத்துவார்கள். 80 வீதமான 17 ஐக் கொடுத்தால் 94, பலமானவர் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். 90 வீதமான 19 இல் இரண்டு பக்கமும் 96 க்குக் கிட்டச் சமம். உண்மையான மைதானத்தில் காற்றும் மனமும் புதியவரை இதைவிட அதிகமாக ஆட்டும் என்பதால், 90 க்குச் சற்றுக் கீழே நிற்பது நியாயம் என்பது என் கருத்து. பெரும்பாலும் கமிட்டியில் இருப்பவர்கள் நன்றாகச் சுடுகிறவர்கள். 80 க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கு மாற்றாக, தவறிய தட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கும் உண்டு. மட்டம் 92 என்றால் தவறு 8. 70 காரரின் தவறு 30. 8 ஐ 30 ஆல் வகுத்து 1 இல் இருந்து கழித்தால் 0.733. அவர் அன்று தவறவிட்ட ஒவ்வொரு தட்டுக்கும் 0.733 திரும்பக் கிடைக்கும். 70 சுட்டால் 92. 80 சுட்டால் 94.7. நூறைத் தாண்டவே தாண்டாது, மூடி தேவையில்லை. பார்க்க வடிவான ஃபோர்முலா. ஆனால் பத்துத் தட்டுக் கூட உடைத்த மனிதனுக்கு மூன்று கூடக் கிடைக்காத கணக்கு இது. நல்ல நாளின் சந்தோசத்தையே பிடுங்கிவிடும். கிளப் இதைக் கேட்டால் செய்து கொடுங்கள், நீங்களாகப் போய்ச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

மைதானம் மாறுகிற சிக்கலைப் பலர் யோசிப்பதே இல்லை. ஸ்கீட் (இரண்டு பக்கத்தில் இருந்தும் குறுக்கே பறக்கும் தட்டைச் சுடுவது), ட்ராப் போன்ற வகைகளில் தட்டு எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே பாதையில் பறக்கும். ‘ஸ்போர்ட்டிங்’ என்ற வகையில் அப்படி இல்லை. தட்டு உயரமாக, தரையில் உருண்டு, இரண்டு ஒன்றாக என்று மைதானம் போடுகிறவர் நினைத்தபடி பறக்கும். இலகுவான நாளில் சுட்ட 69 உம் கடினமான நாளில் சுட்ட 57 உம் ஒரே திறமையாக இருக்கலாம். இதைச் சரி செய்ய, அன்றைய முதல் மூன்று பேரின் சராசரியை 100 வீதமாக எடுத்து மற்றவர்களை அளக்க வேண்டும். முதல் மூவர் 94, 92, 90 என்றால் சராசரி 92, அதில் 69 என்பது 75 வீதம். மூவர் 78, 75, 72 என்றால் சராசரி 75, அதில் 57 என்பது 76 வீதம். முதல் ஆளை மட்டும் வைத்து அளக்காதீர்கள். பெரிய வீரர் ஒருவர் அன்று மட்டும் வந்து 98 அடித்துவிட்டால் கிளப் முழுக்க ஒரே நாளில் மோசமாகிவிடும். இந்த முறையின் குறை, கடைசிக் கார்ட் வரும்வரை யாருக்கு எத்தனை தட்டுக் கூடும் என்று சொல்ல முடியாது. தேநீரோடு நின்று பலகையைப் பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்காது.

‘டவுன் த லைன்’ என்ற வகையில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி. முதல் வெடியில் உடைத்தால் 3 புள்ளி, இரண்டாவதில் உடைத்தால் 2, தவறினால் பூச்சியம். 25 தட்டுக்கு 75, 100 தட்டுக்கு 300. கார்ட்டில் 98/291 என்று எழுதுவார்கள்: உடைத்தது 98, புள்ளி 291. இதை ஒரே பெட்டியில் அப்படியே தட்டச்சு செய்ய விடாதீர்கள். 25 தட்டில் ஒரு புதியவர் 10 உடைத்து 28 புள்ளி எடுத்தால் 10/28 என்று அடிப்பார்கள். அமெரிக்கத் திகதி அமைப்பில் உள்ள கணினி அதை ஒக்டோபர் 28 ஆக்கிவிடும். இரண்டு பெட்டி வையுங்கள். பக்கத்தில் ஒரு சோதனையும் வையுங்கள்: புள்ளி, உடைத்த தொகையின் இரு மடங்குக்குக் குறையவும் கூடாது, மூன்று மடங்கைத் தாண்டவும் கூடாது. மூன்று மடங்கில் இருந்து புள்ளியைக் கழித்தால் இரண்டாம் வெடியில் உடைத்த எண்ணிக்கை வரும். 294 கழித்தல் 291, ஆக 3. மழையில் நனைந்த கார்ட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பும்போது 1 ஆ 7 ஆ என்று தெரியாத இடத்தில் இந்தச் சோதனை பல தடவை காப்பாற்றியது. ஸ்கீட்டிலும் ட்ராப்பிலும் ஒருவருக்கு வெவ்வேறு சராசரி இருக்கும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு வரி என்று வைக்காமல், ஆளும் வகையும் சேர்ந்து ஒரு வரி என்று ஷீட்டை அமையுங்கள். இடையில் மாற்றுவது நரகம்.

வகுப்புப் பிரிப்பில் இன்னொரு சிக்கல். இங்கிலாந்தின் தேசியச் சங்கம் தன் பதிவுப் போட்டிகளின் புள்ளியை வைத்து ட்ரிபிள் ஏ, டபிள் ஏ, ஏ, பி, சி என்று வகுப்பு வழங்குகிறது. அதுவும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி. கிளப்பின் உள் வகுப்பு வேறு. ஒரு மனிதர் தேசியத்தில் ஏ ஆக இருந்துகொண்டு, கிளப்பில் மூன்று மந்தமான கார்ட் காட்டி சி வகுப்பில் உட்கார்ந்திருப்பார். வேண்டுமென்றே தட்டை விட்டுவிட்டு ஹேண்டிகப்பை ஏற்றிக்கொள்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, அவர்களை முகத்துக்கு நேரே பிடிக்க முடியாது. ஷீட்டால் மட்டும்தான் கட்டலாம். கடைசி ஆறு கார்ட்டில் மிக மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு மற்ற நான்கின் சராசரியை எடுங்கள். வேண்டுமென்று கெடுத்த கார்ட் தானாகக் கழியும். ஹேண்டிகப் இறங்கும்போது வேகமாக இறங்கட்டும், வென்றவருக்கு அன்றே இரண்டு தட்டு வெட்டலாம். ஏறும்போது ஒரு மாதத்தில் ஒன்றுக்கு மேல் ஏற வேண்டாம். வகுப்பில் நடுப் பருவத்தில் மேலே போகலாம், கீழே வருவது பருவம் முடிந்த பிறகு. தேசிய வகுப்பு உள்ளவர் அதற்குக் கீழே கிளப் வகுப்பில் நிற்கக் கூடாது. மூன்று கார்ட் முடியாத புதியவர் ஹேண்டிகப் இல்லாமல் சுடட்டும். இந்த விதிகளை நான் கேட்டு எழுதிக் கொடுத்த அன்று செயலாளர் அழகாக நன்றி சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அந்த எழுத்து வேலைக்கும் சேர்த்துத்தான் 180 பவுண் என்று அவர் நினைத்திருக்கிறார்.

சிறியவர், பெண்கள், மூத்தவர் என்ற பரிசுப் பிரிவுகள் வகுப்புக்கு மேலதிகம். வயதை எந்தத் திகதியில் பார்ப்பது, ஒருவர் பி வகுப்புப் பரிசையும் மூத்தவர் பரிசையும் சேர்த்து எடுக்கலாமா என்று இரண்டு கேள்வி. கேட்டுவிட்டு மேலே போங்கள். பரிசுக்குச் சேராமல் வெறுமனே தட்டுக்குக் காசு கட்டிச் சுடுகிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கு ஒரு குறி வேண்டும். ஒரே நாளில் இரண்டாம் முறை சுடுகிறவருக்கு முதல் கார்ட் மட்டுமே கணக்கு. தகப்பனும் மகனும் ஒரே பெயரில் இருப்பது அங்கே சாதாரணம். பெயரை நம்பாமல் உறுப்பினர் இலக்கத்தை வையுங்கள்.

இனி லூயிஸ் முறை. என் காசு போனதற்குக் காரணம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். வெளியாட்கள் வரும் போட்டியில் அவர்களின் சராசரி கிளப்பிடம் இருக்காது. ஆகவே எல்லோரும் சுட்டு முடித்த பிறகு, புள்ளியை மேலிருந்து கீழே அடுக்கி, எத்தனை வகுப்போ அத்தனை சம பங்காக வெட்டுவார்கள். ஒவ்வொரு பங்கிலும் முதலாவது வருபவருக்குப் பரிசு. யார் எந்த வகுப்பில் விழுவார் என்று கடைசிக் கார்ட் வரை எவருக்கும் தெரியாததால் ஏமாற்ற வழியில்லை. சமமாகப் பிரியாவிட்டால் சின்னப் பங்கு மேலே வரும்: 23 பேர், மூன்று வகுப்பு என்றால் 7, 8, 8. வெட்டுக் கோடு சமபுள்ளிக்காரர்களின் நடுவே விழுந்தால், அந்தச் சமபுள்ளிக்காரர்களில் அதிகம் பேர் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ, எல்லோரும் அந்தப் பக்கம். 5 முதல் 8 வரை நாலு பேர் 81 என்றால், கோட்டுக்கு மேலே மூன்று, கீழே ஒன்று. நாலு பேரும் முதல் வகுப்பு. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் எல்லோரும் கீழ் வகுப்பின் தலைக்குப் போவார்கள். எக்செலில் தயாராக உள்ள எந்த ஃபங்ஷனும் இதைச் செய்யாது. சமபுள்ளி எத்தனை, அதில் கோட்டுக்கு மேலே எத்தனை என்று இரண்டு ‘கவுண்ட்இஃப்’ பத்தி வைத்து ஒப்பிட வேண்டும்.

அந்த டிசம்பர்ப் போட்டிக்கு 23 பேர்தான் வந்தார்கள். ஏழாவதும் எட்டாவதும் 78. மேலே ஒன்று, கீழே ஒன்று, சமம். ஷீட் விதிப்படி இருவரையும் இரண்டாம் வகுப்பின் தலையில் போட்டது. ஒன்பதாவதாக 77 சுட்டவர், அந்த இருவரும் மேலே போயிருக்க வேண்டும், இரண்டாம் வகுப்பின் பரிசு தனக்குரியது என்று எழுந்தார். விதிப்பக்கத்தில் ‘லூயிஸ் முறை’ என்ற இரண்டு சொல்லைத் தவிர எதுவும் இல்லாததால், காட்டி வாயடைக்க ஆதாரம் இல்லை. கிளப் முழுவதற்கும் போன இமெயிலில், எங்கோ தீவில் இருக்கும் ஒருவன் கணக்கைக் குழப்பிவிட்டான் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கை குளிர்ந்துபோனது. முகமே தெரியாத ஒரு மனிதனிடம் கள்ளன் பட்டம் வாங்கி, பதில் எழுதவா விடவா என்று விடியும்வரை யோசித்த இரவு அது. வெளியே மழை, கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஷீட் செய்தது சரி என்று செயலாளர் என்னிடம் தனியாக ஒத்துக்கொண்டார், கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. தை பிறந்ததும் கமிட்டி மாறியது. புதியவர்கள், முன்னவர் பேசியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ஷீட்டை மட்டும் தொடர்ந்து பாவித்தார்கள்.

அதனால் லூயிஸ் விதியை, கோட்டில் சமபுள்ளி விழும் இரண்டு உதாரணங்களோடு, முடிவுத் தாளின் அடியிலேயே அச்சாகும்படி வையுங்கள். பலகையில் ஒட்டும் தாளில் விதி இருந்தால் சண்டை தாளோடு நடக்கும். ஒரே வகுப்பில் முதலிடம் சமமானால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்: திரும்பச் சுட வைப்பதா, கடைசியாக நின்று சுட்ட இடத்தில் இருந்து பின்னோக்கிப் புள்ளியை ஒப்பிடுவதா, பரிசைப் பங்கிடுவதா. பின்னோக்கி ஒப்பிடுவதென்றால் உங்களுக்கு மொத்தப் புள்ளி மட்டும் போதாது, நின்று சுட்ட ஒவ்வொரு இடத்தின் புள்ளியும் தனித்தனியே வேண்டும். தட்டச்சு வேலை பல மடங்காகும். விலை சொல்லும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்கே போட்டி ஞாயிறு பகல் 2 மணிக்கு முடிந்தால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, கோடையில் 6.30. கார்ட் படங்கள் வந்து சேர்ந்து, திரும்ப இரண்டு கேள்வி கேட்டு, பதில் வர ஒன்பது மணி தாண்டும். பரிசு கொடுக்க ஆட்கள் காத்திருப்பதாகச் செய்தி மேல் செய்தி வரும். அவர்களின் மணிக்கூடு மாறுவது மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, அதாவது போட்டி நாளாகவே இருக்கலாம். ஞாயிறு இரவு வேலைக்குத் தனிக் கூலி கேளுங்கள். அல்லது கார்ட்டை அவர்களே பதியட்டும், நீங்கள் திங்கள் காலை சரி பார்ப்பதாகப் பேசுங்கள். எனக்கு இரண்டாவதுதான் நல்லதாகப் படுகிறது.

இப்போது இப்படியான வேலைக்கு நான் கேட்பது மூன்று தவணை. விதிகளை எழுதி முடித்துக் கமிட்டியில் இரண்டு பேர் இமெயிலில் ஒப்புக்கொண்டதும் முதல் பங்கு. எழுதுவதும் வேலைதான், அதற்கும் விலை. கிளப்பின் பழைய பருவத்துக் கார்ட்களை ஷீட்டில் ஓட்டிக் காட்டி, கையால் போட்ட பழைய முடிவோடு ஒத்துப்போனதும் இரண்டாவது. ஒத்துப்போகாத இடம் கட்டாயம் வரும். அது பெரும்பாலும் அவர்களின் பழைய கணக்கில் உள்ள கோளாறு, ஆனால் அதை மெதுவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் பங்கு வங்கிக்கு வரும்வரை ஷீட் என் கூகுள் கணக்கிலேயே இருக்கும். அவர்களுக்குக் கார்ட் பதியும் பக்கத்தைத் திருத்தவும் மற்றதைப் பார்க்கவும் மட்டும் அனுமதி. பார்க்கிறவர்கள் பிரதி எடுப்பதை நிறுத்தி வைக்க கூகுள் ஷீட்டின் பகிர்வு அமைப்பில் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட மறந்தால் மற்றப் பூட்டெல்லாம் வீண். திருத்த அனுமதி உள்ளவர் விசயத்தில் அந்தத் தடையை நம்பி இருக்க முடியாது. ஆகவே கார்ட் பதியும் பக்கத்தை வேறொரு கோப்பாகவே வைத்து, கணக்குக் கோப்புக்கு ‘இம்போர்ட்ரேஞ்ச்’ மூலம் இழுங்கள்.